பழைய லோடு ஆட்டோ வாங்கி ஏமாந்தால்... மீனவருக்கு நுகர்வோர் சட்டம் கைகொடுக்குமா?

பழவேற்காட்டு ஏரியில் பிடித்த இறாலையும் நண்டையும் மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போக ஒருவர் செகண்ட் ஹேண்ட் லோடு ஆட்டோ வாங்குகிறார். ‘ஒரே ஓனர், இன்ஜின் பக்கா’ என்ற விளம்பரம் பொய்யென்றால்?

‘தொழிலுக்குத்தானே வாங்கினீங்க, நீங்க நுகர்வோர் இல்ல’ என்று டீலர் தட்டிக்கழிக்க முடியாது. சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவரும் நுகர்வோரே என்கிறது 2019 சட்டம். தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர்தான் என்று 1995-லேயே, கோவை பி.எஸ்.ஜி. நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது.

வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். வண்டி விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை. விளம்பர ஸ்கிரீன்ஷாட், ரசீது, மெக்கானிக் அறிக்கை பத்திரம். உதவி எண் 1915.

ஒன்று மட்டும் கவனிக்கணும்: விற்றவர் டீலர் இல்லாமல், சொந்த வண்டியை விற்ற தனிநபர் என்றால் சிவில் கோர்ட்தான் வழி.