கண்மாயின் அடி

உறைந்த ஏரியின் மீது நடந்துபோய், பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் போடுகிறவர்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துக் கண்மாய்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஒப்பீடு விபரீதமாகத் தோன்றலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலில் தண்ணீர் உறைவதில்லை, வற்றுகிறது. ஆயினும் இரண்டு இடங்களிலும் மீனுக்காக இறங்குகிறவன் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பித்தான் காலை வைக்கிறான். அங்கே பனிக்கட்டியின் கனம், இங்கே கண்மாயின் அடித்தரை.

குளிர்நாட்டார் அந்த நம்பிக்கையை அளவாக மாற்றிக்கொண்டார்கள். ஓர் ஆள் நடக்கக் குறைந்தது 4 அங்குலக் கனமுள்ள தெளிந்த பனிக்கட்டி வேண்டும் என்கிறது அமெரிக்காவின் மினசோட்டா மாநில இயற்கைவளத் துறை. வெண்மை படர்ந்ததென்றால் இருமடங்கு. போகிற வழியெல்லாம் துளையிட்டு அளந்துகொண்டே போகச் சொல்கிறது. மேலே விழுந்த பனித்தூள் போர்வையாகி, கீழே கட்டி கனக்கவிடாமல் செய்யும் என்பதும், ஊற்றும் ஓடையும் சேருமிடத்தில் அது மெலிந்திருக்கும் என்பதும் அங்கே வழிவழியாக வந்த அறிவு. இத்தனைக்குப் பிறகும் எந்தப் பனிக்கட்டியும் முழுப் பாதுகாப்பானதல்ல என்று எச்சரிக்கிறார்கள். 2009 பிப்ரவரியில் ஈரி ஏரியில் பனிப்பரப்பு பிளந்து விலகியபோது நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்க வேண்டியதாயிற்று, ஒருவர் இறந்தார்.

நம்மிடமும் இத்தகைய அறிவு இருந்தது, எழுதிவைக்கப்படவில்லை, அவ்வளவுதான். உள்வாயில் தரை மேடு, கரையை நெருங்க நெருங்க ஆழம், மடைக்கு முன்னால் பள்ளம் என்று ஊர்ப் பெரியவர்களின் மனத்தில் ஒரு வரைபடம் இருந்தது. கி.ராஜநாராயணனின் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வந்தபோது, பேச்சில் மட்டும் உலவிய கரிசல் சொற்களுக்கு ஏடு வாய்த்தது. கண்மாயின் அடித்தரைக்கு அப்படி ஓர் ஏடு வாய்க்கவில்லை. இனி எழுதினாலும் பழைய தரை இல்லை.

காரணம் எளிது. மண்வெட்டியால் கரம்பை வெட்டி மாட்டுவண்டியில் ஏற்றிய காலத்தில் பள்ளம் சரிவாகத்தான் அமையும். பாரவண்டி மேலேறி வர வேண்டுமே! பொக்லைனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மேட்டில் நின்றபடி கையை நீட்டிச் சுவர்போல வெட்டி எடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகியதும் அந்தக் குழி மறைந்துவிடுகிறது. முழங்கால் தண்ணீரில் நடப்பவன் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்தில் இருக்கக்கூடும். நனைந்த கரிசல் களிமண் பிடிகொடுக்காது, நீந்தத் தெரிந்தவனும் வழுக்கி வழுக்கி விழுவான். வண்டல் எடுப்பதற்கு நான் எதிரியல்லன். 1959ஆம் ஆண்டுச் சிறுகனிம விதிகளே அதற்கு இடம் தருகின்றன. 2017இல் விவசாயிகள் கட்டணமின்றி எடுக்க அரசு வழிசெய்ததும் நல்ல காரியமே. எடுத்த மண்ணுக்குக் கணக்கு வைக்கிறோம், விட்ட குழிக்கு வைப்பதில்லை என்பதுதான் என் வழக்கு.

கோடையில் மீன்பிடித் திருவிழா வருகிறது. பெரியவர் துண்டை வீசியதும் ஊத்தாவோடும் கச்சாவோடும் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள். ஊத்தா குத்துகிறவனின் பார்வை கூடையிலேயே இருக்கும். சேறு கலங்கிய நீரில் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. கெளுத்தி முள்ளையும் சீமைக்கருவேல முள்ளையும் பாதம் பொறுத்துக்கொள்ளும். குழியை என்ன செய்வது?

விபத்து நடந்ததும் திருவிழாவுக்கே தடை கேட்கிற குரல் எழும். அது எனக்கு உவப்பில்லை. விரால் பிடிக்கிற ஒரு நாளை ஊரிடமிருந்து பறிப்பதைவிட, முந்தைய நாள் நாலு பேர் நீண்ட கம்போடு பரிசலில் போய் ஆழம் பார்த்து, குழியைச் சுற்றி மூங்கில் ஊன்றிச் சிவப்புத் துணி கட்டுவது சுலபம். கரையில் கயிறும் காற்றடைத்த லாரி டியூபும் இருக்கட்டும். மண் அனுமதி ஒரு மேசையிலும் மீன் குத்தகை இன்னொரு மேசையிலும் கிடப்பதால் இந்த வேலை யாருடையதும் இல்லாமல் போகிறது.

குழிகளை மூடிவிடலாமே என்றால், அந்தப் பக்கத்துச் சம்சாரி ஒப்பமாட்டார். சித்திரையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கடைசித் தண்ணீர் அங்கேதான் நிற்கிறது, மீனும் அங்கேதான் ஒதுங்குகிறது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூட வேண்டாம். பொக்லைன் கண்மாயை விட்டு வெளியேறும் முன், அதே கையால் ஒரு பக்கத்தையாவது மாடு இறங்கி ஏறும் அளவுக்குச் சரித்துவிட்டுப் போகட்டும். அதற்கு அரைமணி நேர டீசல் ஆகும்.