நூற்பட்டியில் நியாயம்

நூற்பட்டி எழுதுவோர்க்கு அழகிய கையெழுத்தும் பொறுமையும் அமைந்தாற் போதும் என்று எண்ணுவார் பலர். யாமும் ஒருகால் அங்ஙனமே எண்ணியிருந்தோம். அவ்வேலை நடுவுநிலை வேண்டுவது என்பதனை எம் காங்கேய நாட்டுக் கதையொன்றே எமக்கு உணர்த்திற்று.

பொன்னர் சங்கர் வரலாறாகிய அண்ணன்மார் கதையைக் கொங்கு நாட்டார் அறியாதாரில்லை. காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ந்த பிரெண்டா பெக் அம்மையார், இராமசாமி என்னும் பாணர் பல இரவுகள் பாடிய அக்கதையை 1965இல் ஒலிநாடாவிற் பதிவு செய்தார். தமிழும் ஆங்கிலமுமாக அது 1992இல் சென்னையில் நூலாய் வெளிவந்தது.

இந்நூலுக்குச் சீட்டெழுதப் புகுவோன் யாரை ஆசிரியர் என்பான்? தொகுத்தாரை மட்டும் எழுதின் பாடினார் மறைந்துபோவார். பாடினாரை மட்டும் எழுதின் தொகுத்தாரின் உழைப்பு வீணாகும். இருவர் பெயரிலும் சீட்டு அமைத்து, இன்னார் பாடியது, இன்னார் தொகுத்தது எனத் தெளிவுறக் குறித்தலே முறை. தலைப்பேட்டில் முதற்கண் நிற்கும் பெயரொன்றே போதும், அதற்குமேல் எழுத நேரமில்லை என்பாரும் உளர். பாணர் பெயரை நினைவிற் கொண்டு காங்கேயத்திலிருந்து வரும் மாணவன் வெறுங்கையனாய்த் திரும்புவானேல், மீந்த அந்நேரத்தால் யாது பயன்?

சென்னைக் கிறித்துவக் கல்லூரியிற் கணிதம் பயின்ற அரங்கநாதனார், வாசகன் தன் நூலையும் நூல் தன் வாசகனையும் அடைதல் வேண்டுமென 1931இலேயே விதித்தார். அவ்விதிக்குப் பெயர் மட்டுமன்று, வைக்கும் இடமும் உரியது. 1876இல் தோன்றிய டூயியின் பகுப்பு, சமயத்திற்குரிய நூறு எண்களிற் பெரும்பகுதியைக் கிறித்துவத்திற்கு ஒதுக்கி, ஏனைச் சமயங்களை 290 முதலிய பத்து எண்களுள் அடக்கிற்று. இக்குறையைக் கிறித்துவக் கல்லூரியினராகிய நாமே முதலில் எடுத்துக் கூறுதல் தகும். நமக்கு இடம் மிகுந்திருக்கும்போது பிறர்க்கு இடம் வேண்டுமென்பதன்றோ நியாயம்?

இக்காலத்தில் ஓரிடத்து எழுதிய குறிப்பு கணினி வழியாய்ப் பல நூல்நிலையங்களுக்குச் செல்கின்றது. பிழையும் உடன் செல்கின்றது. ஆதலின், நண்பர்காள், அறிந்ததனை முழுதும் எழுதுமின்; அறியாததனை அறிந்ததுபோல் எழுதாதொழிமின்; உழைத்தார் ஒருவரையும் விடாதொழிமின். சீட்டொன்று மிகுவதாற் பேழை நிறைந்துவிடாது. பெயரொன்று விடுபடின், அப்பாணரை நம் பேரர் எங்ஙனம் அறிவார்?