குழாயடிச் சண்டை

பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் என்றால் நமக்குப் பட்டமும் மின்னலும்தான். மனிதர் 1736-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு தீயணைப்புச் சங்கமும் ஆரம்பித்தார். யூனியன் ஃபயர் கம்பெனி. முப்பது பேர், சம்பளம் கிடையாது. ஆளுக்கு இத்தனை தோல் வாளி, சாமான்களை அள்ளிப்போட இத்தனை பை என்று கணக்கு. மாதக் கூட்டத்துக்கு மட்டம் போட்டால் அபராதம். அந்தக் காசில்தான் பம்ப் வண்டி, ஏணியெல்லாம். (நம் ஆபீஸ் மீட்டிங்குகளுக்கு இதை அமல்படுத்தினால் மாவட்டத்துக்கே வண்டி வாங்கலாம்!)

வண்டியோடு வம்பும் வந்தது. கைப்பம்ப்பை இரண்டு பக்கமும் நின்று அடிக்க ஒரு பட்டாளமே வேண்டும். ஆள் சேர்ந்தால் கோஷ்டி சேரும். நியூயார்க்கில் வண்டியில் புலிப் படம் வரைந்த கோஷ்டிக்குத் தலைவராயிருந்த ட்வீட், அந்தப் புகழிலேயே அரசியலுக்குப் போனார். மணி அடித்ததும் ஒருத்தன் முன்னால் ஓடி, தெருக்குழாய் மேல் பீப்பாயைக் கவிழ்த்து உட்கார்ந்துகொள்வானாம், அடுத்த கோஷ்டி பிடிக்கக் கூடாதென்று. வீடு அது பாட்டுக்கு எரியும்.

சின்சினாட்டிக்காரர்கள் பொறுமையிழந்து 1853-ல் நீராவி பம்ப் வண்டியும் சம்பள ஆட்களும் கொண்டுவந்தார்கள். நாலைந்து பேர் போதும். தொண்டர்கள் கொதித்துப் போனார்கள். எனக்கென்னவோ அவர்கள் மேல் கோபம் வரவில்லை. ஓசியில் நெருப்புக்குள் குதித்தவனிடம், ‘நாளைலேர்ந்து வராதப்பா, பாய்லர் பாத்துக்கும்’ என்றால்? நியூயார்க்கும் 1865-ல் சம்பளத்துக்கு மாறியது.

ஆனால் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கு மேல் இன்றும் தொண்டர்கள்தான். பெரும்பாலும் சின்ன ஊர்களில். புது வண்டிக்குப் பணம் தேவையென்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரைக் கூட்டி, தோசை மாதிரி பான்கேக் வார்த்து விற்கிறார்கள்.