சுவருக்கு இந்தப் பக்கம்

மே மாதக் கடைசியில் மும்பையில் இரண்டுக்குக் கிராக்கி அதிகம். ஒன்று, ஒழுகும் கூரைமேல் விரிக்கும் நீலத் தார்ப்பாய். மற்றொன்று, அடைப்பெடுக்கும் ஆள். ஜூன் இரண்டாவது வாரவாக்கில் பருவமழை வந்துவிடும் என்பது ஊருக்கே தெரியும். இருந்தும் பல ஹவுசிங் சொசைட்டிகளில் நிர்வாகக் குழு கூடி வடிகாலைப் பற்றிப் பேசுவது முதல் மழையில் வாசல் நனைந்த பிறகுதான்.

தெருவிலும் அதற்கு அப்பாலும் உள்ள நாலாக்களைத் தூர் வாருவது மாநகராட்சியின் வேலை. அது ஒழுங்காக நடந்ததா என்று வருடா வருடம் சர்ச்சை கிளம்புகிறது. காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளே இருக்கும் வடிகாலுக்கு மட்டும் கேட்பாரில்லை. அது குடியிருப்பவர்களின் பொறுப்பு.

கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 300 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 50 மி.மீ. பெய்தால் 15,000 லிட்டர். 2005 ஜூலை 26 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் பதிவானது 944 மி.மீ. அந்த மழை இதே மாடியில் பெய்திருந்தால் 2.8 லட்சம் லிட்டருக்கு மேல். பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகள் 28. நகரின் பழைய மழைநீர்க் கால்வாய்களோ மணிக்கு 25 மி.மீ. மழையைத் தாங்குவதற்காக பிரிட்டிஷ் காலத்தில் கட்டப்பட்டவை. அதை 50 ஆக்க வேண்டும் என்று 1993-ல் வந்த பிரிம்ஸ்டோவாட் அறிக்கை சொன்னது. 2005 வெள்ளத்துக்குப் பிறகுதான் வேலை சூடுபிடித்தது. போதாக்குறைக்கு, பல கால்வாய்களின் வாய் கடல் ஏற்றத்தின்போது நீருக்குள் மூழ்கிவிடும். அந்த நேரத்தில் பெருமழையும் சேர்ந்தால் தண்ணீர் போக வழியில்லை.

எனவே சோதனை மாடியில் தொடங்க வேண்டும். வடிகுழாய் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையோ புறாக்கூடோ இருந்தால் போதும், மாடி குளமாகிவிடும். மே மாதத்திலேயே ஒவ்வொரு குழாயிலும் நான்கைந்து வாளித் தண்ணீர் ஊற்றி, கீழே ஒருவரை நிற்கவைத்துப் பார்க்கலாம். ஊற்றிய வேகத்தில் வரவில்லை என்றால் நடுவில் அடைப்பு. வாயில் கம்பி வலை போட்டாலும் வாரம் ஒருமுறை குப்பையை அகற்ற ஆள் வேண்டும்.

அடுத்தது, அந்தக் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்பது. மும்பையில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனிப் பாதைகள். பிளம்பர் யாரோ எப்போதோ மழைக்குழாயைக் கழிவுநீர்த் தொட்டியோடு இணைத்திருந்தால், மாடியில் விழுந்த மழை தரைத்தள வீட்டுக் கழிவறை வழியாகப் பொங்கும். தொட்டிகளை வாரிய பிறகு சேற்றைப் பக்கத்திலேயே காயப்போட்டு மறந்துவிடுவதும் வாடிக்கை. முதல் மழை அதைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டு சேர்த்துவிடும்.

சாலையும் ஒரு வில்லன். தாரின்மேல் தாராக, பிறகு கான்கிரீட்டாக உயர்ந்துகொண்டே போக, பழைய கட்டடங்களின் வாசல் இப்போது தெருவைவிடப் பள்ளத்தில் கிடக்கிறது. அங்கே குழாய் சுத்தமாக இருந்தும் பயனில்லை. தெருத் தண்ணீர் அதே குழாய் வழியாக உள்ளே வரும். ஒருவழி வால்வும், சம்ப்பும், மழைக்கு முன்பே ஓட்டிப் பார்த்த பம்ப்பும் தேவை. மின்சார மீட்டர் அறை தரையோடு இருந்தால் அதைத்தான் முதலில் உயர்த்த வேண்டும். நனைந்த சோபாவைக் காயவைக்கலாம். மின்சாரம் பாய்ந்த தண்ணீரில் கால் வைத்தவரை மீட்பது கடினம்.

இதில் சிக்கனம் பார்க்கக்கூடாத இடம் ஒன்று உண்டு. அவசரத்தில் யாராவது ஒரு கூலித் தொழிலாளியைக் கயிறு கட்டிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் விஷவாயு ஓரிரு நிமிடங்களில் ஆளை முடித்துவிடும். தகுந்த பாதுகாப்பின்றி மனிதரை இப்படி இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; அமர்த்தியவரும் தண்டனைக்கு உரியவர். உறிஞ்சு லாரியை முன்கூட்டியே பதிவு செய்தால் இந்த அவசரமே வராது.

தண்ணீர் சீக்கிரம் வடியட்டும் என்று மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடும் பழக்கமும் அப்படித்தான். 2017 ஆகஸ்ட் 29 அன்று வெள்ளத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு மருத்துவர் திறந்து கிடந்த மேன்ஹோலில் விழுந்து உயிரிழந்தார். இரண்டு நாள் கழித்து உடல் வர்லியில் கிடைத்தது.

கடைசியாக, வசதியுள்ள சொசைட்டிகள் கண்டுபிடித்திருக்கும் குறுக்குவழி: காம்பவுண்டு முழுவதையும் ஓரடி உயர்த்திக் கல் பதித்துவிடுவது. அவர்கள் கார்கள் நனைவதில்லை. உயர்த்திய தரையிலிருந்து வழியும் தண்ணீர் சுவரைத் தாண்டி அடுத்த சாலுக்குள், ஒரே அறையில் குடும்பம் நடத்துபவர்களின் அரிசி டப்பாவரை போகிறது. சுவர் ஓரமாகக் கொஞ்சம் மண்ணைத் திறந்துவிட்டு, கல்லும் மணலும் நிரப்பிய இரண்டு உறிஞ்சு குழிகள் தோண்டினால் அதில் ஒரு பங்காவது உள்ளேயே தங்கும். வடிகாலைச் சரிபார்த்து முடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.