எங்கள் கோப்புக்கு அவர் ஓனர்

"உங்களுக்கு அனுமதி தேவை." ஒரு திங்கட்கிழமை காலை என் திரையில் இந்த வரி வந்தது. கீழே ஒரு பொத்தான்: "அனுமதி கேள்".

நான் திறக்கப் பார்த்தது எங்கள் கோப்பைத்தான். அலுவலகத்தில் இரவுப் பணி பார்க்கும் பெண்கள் பதினோரு பேர் இரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்து எழுதிவந்தது. எந்த வண்டி வழி மாறிப் போனது, எந்த மேலாளர் என்ன பேசினார், அருகில் யார் இருந்தார்கள் என்று தேதியோடும் நேரத்தோடும் குறித்திருந்தோம். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் நடந்த மூன்று மாதத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். தேதி தெரியாத பெண்ணின் புகார் அங்கே நிற்பது கடினம்.

அலுவலகக் கணக்கில் வைத்தால் நிர்வாகம் பார்க்கும் என்று சொந்தக் கணக்குகளில் வைத்தோம். "நான் போட்டுத் தர்றேன்" என்று கோப்பை உருவாக்கிக் கொடுத்தவர் உடன் வேலை பார்த்த ஆண். நல்லெண்ணத்தில்தான் செய்தார். பிறகு அவருடைய நண்பரின் பெயர் அதில் ஏறியது. பதினோரு பேரையும் நீக்க அவருக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா? நாங்கள் எழுதியதை நாங்கள் படிக்க அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் கோரிக்கை போவதும் அவருக்குத்தான்.

எனக்கு இதில் இன்னொரு வெட்கம் உண்டு. நான் பயனர் இடைமுகம் வடிவமைப்பவள். இதே போன்ற பெட்டிகளை நானே வரைந்திருக்கிறேன். பார்ப்பவர், கருத்திடுபவர், திருத்துபவர், இவர்களுக்கெல்லாம் மேலே உரிமையாளர் என்று ஒருவர். ஏன் ஒருவர் என்று நான் கேட்டதே இல்லை. வீட்டுக்கு ஒரு தலைவர் இருப்பார் என்று எவ்வளவு இயல்பாக நம்ப வளர்க்கப்பட்டோமோ, அவ்வளவு இயல்பாக அந்த ஒற்றைப் பெயரை மேலே வைத்தேன்.

கணினித் துறைக்கு வேறு வழி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1975இல் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் தகவல் பாதுகாப்புக்கு எட்டுக் கொள்கைகளை எழுதினார்கள். அவற்றில் ஒன்று, இரண்டு சாவி இருந்தால்தான் பூட்டு திறக்க வேண்டும் என்பது. வங்கி லாக்கரில் நகை வைத்த எந்தப் பெண்ணுக்கும் இது புரியும். தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களைப் பாருங்கள். குழுவின் வங்கிக் கணக்கை உறுப்பினர்களின் பிரதிநிதிகள் கூட்டாகக் கையெழுத்திட்டுத்தான் இயக்குகிறார்கள். ஒரே ஒரு பெண்ணைக்கூட முழுதாக நம்பி ஒப்படைக்காத ஏற்பாடு அது. கூகுளிலும் 'ஷேர்டு டிரைவ்' என்ற வசதி உண்டு. அதில் கோப்பு தனிநபருக்குச் சொந்தமில்லை, குழுவுக்குச் சொந்தம். ஆனால் அது நிறுவனக் கணக்குகளுக்கான வசதி. தனிநபரின் இலவசக் கணக்கில் அதை உருவாக்க முடியாது. நிறுவனத்தின் உழைப்பு ஓர் ஆளின் கையில் சிக்கக் கூடாது என்று யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு, நம் உழைப்பைப் பற்றி யோசிக்க மட்டும் நேரமில்லை.

இதை அலுவலகக் கூட்டத்தில் பேசியபோது இரண்டு பதில்கள் வந்தன. "பயனருக்குக் குழப்பமாகும், எளிமையாக இருக்கட்டும்." யாருக்கு எளிமை? நீக்குபவருக்கு எளிமை. நீக்கப்பட்டவருக்கு இரண்டு ஆண்டு உழைப்பு போகிறது. "கருவி என்ன செய்யும்? நோட்டுப் புத்தகமாக இருந்தாலும் அந்த ஆள் தூக்கிக்கொண்டு போயிருப்பான்." போயிருக்கலாம். ஆனால் அதற்குத் திருட்டு என்று பெயர் இருந்திருக்கும். இங்கே அதற்கு 'அணுகலை நிர்வகித்தல்' என்று பெயர். திருட்டுக்கு மரியாதையான பெயர் கொடுத்ததில் என்னைப் போன்ற வடிவமைப்பாளர்களுக்கும் பங்கு உண்டு.

ஒருவரே நொடியில் வெட்டிவிடும் அதிகாரம் எங்குமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தன் இருப்பிடத்தை, படங்களை, கடவுச்சொல்லைக் கணவனோ காதலனோ பார்த்துக்கொண்டிருந்தால், யாரிடமும் கேட்காமல் அவள் அதை அறுத்தெறிய முடிய வேண்டும். ஆப்பிள் 2022இல் ஐஓஎஸ் 16உடன் கொண்டுவந்த 'சேஃப்டி செக்' இதற்கானது. யார் யாரோடு என்ன பகிர்கிறோம் என்று ஒரே இடத்தில் காட்டி, மொத்தமாக நிறுத்த வழி தருகிறது. அந்தத் திரையைச் சட்டென மூடிவிட்டு வெளியேற ஒரு பொத்தானும் உண்டு. பின்னால் ஒருவன் வந்து நிற்கக்கூடும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். என்னுடையதற்கு என் சொல்லே முடிவு. நம்முடையதற்கு அப்படி இருக்க முடியாது. இந்த வித்தியாசத்தைத்தான் நாங்கள் வரையும் பெட்டிகள் அழித்துவிடுகின்றன.

ஆகவே கேட்கிறேன். சேர்ந்து எழுதும் கோப்புக்கு உரிமையாளர் ஒருவருக்கு மேல் இருக்கட்டும். ஒருவரை நீக்க இன்னொருவரின் ஒப்புதல் வேண்டும். சேர்க்கும்போது மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருள் நீக்கும்போதும் அனுப்பட்டும். எழுதியவள் வெளியேற்றப்பட்டாலும் அவள் எழுதியதன் பிரதி அவளிடம் வந்து சேரட்டும். இதில் எதற்கும் புது விஞ்ஞானம் தேவையில்லை.

அதுவரை, படிக்கும் தோழி, இன்றைக்கே உன் ஆய்வேட்டை, உன் குழுவின் கோப்பைத் திற. ஓனர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார். வழிகாட்டியின் பெயரா, காதலனின் பெயரா, நான்கு மாதத்தில் மூடப்படப்போகும் கல்லூரிக் கணக்கா? ஒரு பிரதியை இறக்கி உன்னிடம் வைத்துக்கொள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

"அனுமதி கேள்" பொத்தானை எங்களில் ஒருவரும் அழுத்தவில்லை. ஒரு தோழியின் வீட்டில் கூடி, நினைவிலிருந்து மறுபடி எழுதினோம். சம்பவங்கள் எல்லாம் வந்தன. தேதிகளில் பாதி வரவில்லை.