வெருகலில் கடிக்கும் பாம்பை யார் ஆராய்வது?

வெள்ளாமை கதிர் தள்ளும் காலத்தில் வெருகல் பக்கம் இரவில் வந்து பார்த்தீர்கள் என்றால் வயலுக்குள்ள அங்கங்க சின்னச் சின்ன வெளிச்சம் தெரியும். யானைக்காவல் வாடிகள். பகல் முழுக்க வயலில் நின்ற மனிசர் இரவில் வாடிக்குள்ள பாயை விரித்துக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பார்கள். யானை வந்தால் சத்தம் கேட்கும். பாம்பு வந்தால் கேட்காது.

எங்கட கூட்டாளி ஒருத்தனின் மாமா அப்படித்தான் ஒருநாள் படுத்தவர். விடியப்புறம் வயித்துவலி என்று எழும்பினார். இரவு சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் கண் இமையைத் தூக்க ஏலவில்லை. கதை குழறியது. உடம்பைத் தேடிப் பார்த்தால் கடிச்ச தடமே இல்லை. வீக்கமும் இல்லை, எரிவும் இல்லை. வயது போன ஒருத்தர் முகத்தைப் பார்த்த உடனே சொன்னார்: "இது விரியன்டா, வாகனத்தை எடுங்க."

மூச்சுக்கருவி உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவு என்றால் எங்களுக்குத் திருகோணமலை, இல்லையென்றால் மட்டக்களப்பு. எந்தப் பக்கம் போனாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேலே. நல்ல காலம், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மருந்து ஏற்றினார்கள். அப்படியும் நாலு நாள் கருவிதான் அவருக்காக மூச்சு விட்டது. பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு மாமா எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: "பாம்புக்கு மருந்து ஏத்தின பிறகும் ஏன்டா எனக்கு நாலு நாள் கண் திறக்கல்ல?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் இருந்துதான் வந்தது. அதற்குப் பதில் தேடிப் போன நாங்கள், இந்த நாட்டில் ஆராய்ச்சிக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்ற இடத்தில் வந்து நிற்கிறோம்.

முதலில் மாமாவின் கேள்விக்கு வருவோம். மூளையில் இருந்து வரும் கட்டளையை நரம்பு கொண்டுவந்து தசையிடம் ஒப்படைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கட்டுவிரியனின் விஷம் அங்கேதான் போய் உட்காருகிறது. அதில் ஒரு பகுதி தசையின் பக்கத்துக் கதவை அடைக்கிறது. இன்னொரு பகுதி நரம்பின் முனைக்குள் புகுந்து அந்த முனையையே சிதைக்கிறது. நாங்கள் ஏற்றும் மருந்து இரத்தத்தில் சுற்றித் திரியும் விஷத்தைப் பிடிக்கும். நரம்புக்குள் போய் வேலையை முடித்துவிட்ட விஷத்தை அதால் ஒன்றும் செய்ய ஏலாது. சிதைந்த முனை திரும்ப வளர்ந்து வரும்வரைக்கும் கருவிதான் துணை.

இதை நாங்களாகச் சொல்லவில்லை. ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஞ்ஜன சில்வாவும் அவருடைய குழுவும் அநுராதபுரம் ஆஸ்பத்திரிக்கு வந்த கட்டுவிரியன் நோயாளர்களைப் பின்தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வு இது. மருந்து இரத்தத்தில் இருந்த விஷத்தை அகற்றியது, ஆனால் முடக்கத்தை மாற்றவில்லை. எங்கட வயலில் நடக்கும் விஷயத்துக்கு எங்கட நாட்டு வைத்தியர்கள் கண்ட பதில். அப்படியென்றால் அடுத்த கேள்வி தானாக வருகிறது. நரம்பு முனையைக் காப்பாற்றவோ கெதியாகத் திரும்ப வளர வைக்கவோ ஒரு மருந்து வேண்டும். அதை யார் தேடுவது?

மருந்துக் கம்பனி தேடாது. விரியன் கடிப்பது வாடியில் படுக்கிறவனை, மண் வீட்டில் தரையில் படுக்கிறவளை, கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் வழியில் வெருகல் முருகன் கோயிலடியில் துண்டை விரித்துப் படுக்கிற யாத்திரிகரை. கட்டிலில் படுக்கிறவர்களை அது கடிப்பது குறைவு. மருந்து வாங்கும் கையில் காசு இல்லை என்றால் மருந்து செய்யும் கைக்கு அவசரம் இல்லை. உலக சுகாதார நிறுவனமே 2017இல்தான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் முதல் வரிசையில் சேர்த்தது. புறக்கணித்தது யார் என்று அந்தப் பட்டியலில் எழுதியிருக்காது.

இது சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று 44,000க்கு மேற்பட்ட வீடுகளுக்கு நேரில் போய்க் கேட்டு எடுத்த நாடளாவிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதன்படி ஒரு வருசத்தில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. 30,000 பேருக்கு விஷம் ஏறுகிறது. 400 பேர் சாகிறார்கள். ஆஸ்பத்திரிப் பதிவை மட்டும் பார்த்தால் இந்தத் தொகை தெரியாது. ஆஸ்பத்திரிக்கு வராமலே விஷகடி வைத்தியரிடம் போகிறவர்களும், வழியில் முடிந்துபோகிறவர்களும் அந்தப் பதிவில் இல்லை.

சரி, இதுவரைக்கும் இந்த ஆராய்ச்சிக்கு யார் காசு கொடுத்தது? பேராதனைப் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து 2004 அளவில் தொடங்கிய தெற்காசிய நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்பை எடுங்கள். பாம்புக்கடி, பூச்சிமருந்து நஞ்சு, அலரி விதை என்று எங்கட ஊர்ச் சாவுகளைத்தான் அவர்கள் ஆராய்ந்தார்கள். அதைத் தொடங்கி வைத்த பெரிய காசு பிரித்தானியாவின் வெல்கம் அறக்கட்டளையும் அவுஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிப் பேரவையும் கொடுத்தது. எந்தப் பூச்சிமருந்து குடித்தவர்கள் கூடுதலாகச் சாகிறார்கள் என்று இப்படியான ஆய்வுகள் காட்டின. 2008க்கும் 2011க்கும் இடையில் பராகுவாட் உட்பட மூன்று மருந்துகள் இந்த நாட்டில் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அந்தத் தடையால் பிழைத்தவர்கள் எங்கட ஊர்களிலும் இருப்பார்கள்.

ஆராய்ச்சி என்றால் வெறும் கடதாசி என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் நாங்கள் காட்டுவோம். வெளிநாட்டுக் காசு கெட்ட காசு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கொடுத்தவர்களுக்கு நன்றி. ஆனால் அந்தக் காசு ஒரு தவணையோடு முடியும். எந்தக் கேள்வி முக்கியம் என்று முடிவெடுக்கிற மேசையும் அங்கேதான் இருக்கும். மாமாவின் கேள்வி அந்த மேசைக்கு வருமா வராதா என்பது எங்கட கையில் இல்லை.

எங்கட கையில் என்ன இருக்கிறது? கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் 1900இல் தொடங்கியது. தேசிய விஞ்ஞான மன்றம் போட்டி அடிப்படையில் ஆய்வு மானியம் கொடுக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் கொடுக்கிறது. ஆக, கதவு இல்லை என்று சொல்ல ஏலாது. கதவுக்குப் பின்னால் உள்ள பெட்டிதான் சின்னது. இலங்கை ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. அதாவது நாடு உழைக்கும் ஆயிரம் ரூபாயில் ஒரு ரூபாய் அளவு. விவசாயம், பொறியியல், மருத்துவம் எல்லாம் அந்த ஒரு ரூபாய்க்குள்ளதான். தென்கொரியாவில் அது நாற்பது ரூபாய்க்கு மேலே.

இனி ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு ஏற்றிய மருந்து எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அது இந்தியாவில் இருந்து வருகிறது. இந்தியாவில் அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதியை எடுத்துக் கொடுப்பது செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978இல் தொடங்கியது. இருளர் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மசிறீ விருது கிடைத்தது. கடலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழர் கையால் எடுத்த விஷம் குதிரையின் உடம்பில் மருந்தாகி வெருகல் வயல்காரனின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. நினைத்துப் பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அது இந்தியப் பாம்புகளுக்குச் செய்த மருந்து. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்கும் அது பொது. இலங்கையில் நிறையப் பேரைக் கடிக்கும் குழிவிரியன், சிங்களத்தில் குணகட்டுவா என்பது, அந்த நாலில் இல்லை. ஒரே இனப் பாம்பு என்றாலும் இடத்துக்கிடம் விஷம் மாறும். நூறு வருசத்துக்கு முதலே பிரேசிலில் வைத்தியர் வித்தால் பிரசில் இதைக் கண்டு சொன்னார். ஆசிய நாகத்துக்கு ஐரோப்பாவில் செய்த மருந்து பிரேசில் பாம்புகளுக்குச் சரிவரவில்லை. அதனால் சாவோ பாவுலோ மாநில அரசு 1901இல் புத்தந்தான் நிறுவனத்தைத் தொடங்கிச் சொந்த மருந்து செய்தது.

அது பெரிய நாடு, அவர்களுக்கு ஏலும் என்று சொல்வீர்கள். கொஸ்தாரிக்காவைப் பாருங்கள். எங்களை விடச் சின்ன நாடு, சனத்தொகை எங்கட கால்பங்கு. 1948இல் இராணுவத்தைக் கலைத்த நாடு. அங்கே 1970இல் தொடங்கிய குளோதோமிரோ பிக்காதோ நிறுவனம் ஒரு அரச பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்துகொண்டு தன் நாட்டுக்கு மட்டுமல்ல, வேறு நாடுகளுக்கும் பாம்புக்கடி மருந்து செய்து கொடுக்கிறது. இலங்கைப் பாம்புகளின் விஷத்தை வைத்து, குழிவிரியனையும் சேர்த்து, ஒரு மருந்தைச் செய்து அதன் ஆய்வுகூட முடிவுகளை 2016இல் வெளியிட்டவர்களும் அவர்கள்தான். எங்கட பாம்புக்கு மருந்து செய்து பார்க்க உலகத்தின் மறுபக்கம் வரைக்கும் போக வேண்டியிருந்திருக்கிறது.

"சோத்துக்கே வழியில்லாத நாட்டில ஆராய்ச்சி என்னத்துக்கு?" என்று கேட்கிறவர்கள் எங்கட வீட்டிலேயே இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2022இல் ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல் சனம் பட்டபாட்டை எல்லோரும் பார்த்தோம். ஆனால் அந்த வருசம் படித்துத் தந்த பாடமும் அதுதானே. டொலர் இல்லையென்றால் இறக்குமதி இல்லை. இறக்குமதி இல்லையென்றால் மருந்து இல்லை. பாம்பு மட்டும் டொலர் பார்த்துக் கடிக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாம்பு விஷத்தை ஆராய்வது பாம்புக்கடியோடு நிற்பதில்லை. 1963இல் தைவான் தேசியப் பல்கலைக்கழகத்தில் சாங், லீ என்ற இரண்டு பேர் அங்குள்ள விரியன் ஒன்றின் விஷத்தைப் பிரித்தெடுத்தார்கள். தங்கட ஊர்ப் பாம்பு ஏன் ஆக்களை முடக்குகிறது என்பதுதான் அவர்களின் கேள்வி. அந்த விஷம் தசையின் கதவில் அவ்வளவு இறுக்கமாக ஒட்டியதால், அந்தக் கதவு என்ன என்று உலகம் கண்டுபிடிக்க அதுவே கருவியாகியது. தசைக்களைப்பு நோய் ஏன் வருகிறது என்று 1970களில் விளங்கியதும் அந்த வழியில்தான். இன்றைக்கும் அந்த நோயைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனையில் அந்த விஷம் பயன்படுகிறது. தைவானின் விரியனுக்கு எங்கட கட்டுவிரியன் சொந்தக்காரன். எங்கட வயலில் கிடக்கும் கேள்வியும் அதே அளவு பெரியதாக இருக்கலாம்.

அதனால் நாங்கள் கேட்பது பெரிய காசு இல்லை. ஒன்று, அரச ஆராய்ச்சி மானியங்களில் ஒரு பங்கைக் கிராமத்து நோய்களுக்கு என்று ஒதுக்கி வைக்க வேண்டும். பாம்புக்கடியும் அதனால் வரும் நரம்புப் பாதிப்பும் அதில் முதலில் வரட்டும். இரண்டு, மானிய அழைப்புகள் தமிழிலும் சிங்களத்திலும் விளங்கும்படி வரட்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்களும் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறவர்களும் ஒரே மேசையில் இருந்து விண்ணப்பிக்கும் வகையும் வரட்டும். விஷகடி வைத்தியம் எதில் உதவுகிறது, எதில் நேரத்தை விழுங்குகிறது என்பதையும் சோதித்துத்தானே பார்க்க வேண்டும். மூன்று, எங்கட பாம்புகளுக்கான மருந்தை இங்கேயே செய்வதை ஒரு ஆட்சி தொடங்கி அடுத்த ஆட்சி மறக்கிற வேலையாக விடக்கூடாது.

எங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எங்கட பிரதேசத்துக்குத் தேர்தல் நேரம் வருகிறவர்களிடம் றோட்டு, பாலம், வேலை எல்லாம் கேட்கிறோம். ஆராய்ச்சி என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அது கொழும்பில் படித்தவர்களின் விஷயம் என்று விட்டுவிட்டோம். நரம்பும் விஷமும் எங்கட விஷயம்.

மாமா இந்தப் போகமும் காவலுக்குப் போகிறார். இப்போது வாடிக்குள்ள பலகையை உயர்த்திக் கட்டி, நுளம்புவலையை நாலு பக்கமும் செருகிப் படுக்கிறார். அவரால் செய்ய ஏலுமானதை அவர் செய்துவிட்டார். அவருடைய கேள்விக்கு மிச்சப் பதிலை இந்த நாடு தேட வேண்டும்.