பானையில் எழுத்து இருந்தால்தான் மரியாதையா?

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரிடம் ஊருக்கு என்ன பெருமை என்று கேட்டுப் பாருங்கள். ஆண்டாள் கோயில் கோபுரம், அடுத்து பால்கோவா (அதற்கு 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று). ராஜபாளையத்துக்காரர் என்றால் நாய், பஞ்சாலை. இந்த இரண்டு ஊர்க்காரர்களும் மதுரைக்குப் போகும்போதெல்லாம் கடந்து போகிற டி.கல்லுப்பட்டியைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பஸ் நின்றால் டீ குடிக்கிற ஊர், அவ்வளவுதான்!

அங்கே 1970-களில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள் கிடைத்தன. சிலவற்றில் வெள்ளை வண்ணத்தில் கோடு இழுத்திருந்தார்கள். ஆதிச்சநல்லூரிலும் இந்த வெள்ளை வேலைப்பாடு உண்டு. கொங்குப் பக்கம் கொடுமணலில் காவிப் பூச்சும் வெள்ளைக் கோடும் சேர்ந்த இன்னொரு வகை கிடைக்கிறது. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் படாத உட்புறம் கறுக்கும், வெளிப்புறம் சிவக்கும். கறுப்பு-சிவப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். அதோடு விட்டிருந்தாலே சோறு வெந்திருக்கும், தண்ணீர் நின்றிருக்கும். அதன்மேல் ஒருவர் மெனக்கெட்டு உட்கார்ந்து நெளிகோடும் புள்ளியும் வைத்திருக்கிறார். எதற்கு? அழகுக்குத்தான் என்று சொல்ல ஏன் இவ்வளவு கூச்சம்?

இப்போது நடப்பதைப் பாருங்கள். ஓட்டில் நாலு தமிழி எழுத்து இருந்தால் தலைப்புச் செய்தி. கீறல் குறி இருந்தால் சிந்துவெளியோடு ஒப்பீடு. 2025 ஜனவரியில் சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழக அரசே அறிவித்தது. நல்லது, கொடுக்கட்டும். 2022-ல் வெம்பக்கோட்டையில் தோண்ட ஆரம்பித்தபோதும் தங்கமும் சங்கு வளையலும் சுடுமண் பொம்மையும்தான் பத்திரிகைகளில் வந்தன. இத்தனைக்கும் அது இதே விருதுநகர் மாவட்டம். வெள்ளைக் கோடு போட்ட ஓட்டுக்கு எந்த மேடையிலும் கைதட்டல் இல்லை. கணக்குப் புத்தக பாஷையில் சொன்னால், சரக்கு கிடங்கில் இருக்கிறது, மதிப்பு பூஜ்யம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

"எழுத்துதானே சரித்திரம், கோட்டை வைத்து என்ன தெரியும்?" என்பார்கள். ஓட்டில் பெயர் எழுதியவர்களை விட எழுதாதவர்கள் எத்தனையோ மடங்கு அதிகம். அவர்கள் கையிலிருந்து மிஞ்சியது இந்தக் கோடுதான். எந்த ஊர்ப் பானை எந்த ஊருக்குப் போனது என்று பார்ப்பதற்குக்கூட மண்ணோடும் வடிவத்தோடும் இந்தக் கோடும் ஒரு சாட்சி. "எங்கள் ஊர்தான் பழசு" என்று ஊருக்கு ஊர் நடக்கும் பந்தயத்துக்கு அது உதவாது, அதனால் யாருக்கும் வேண்டாம்.

அமெரிக்காவின் தென்மேற்கில் ப்யூப்லோ மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் யுக்கா இலையை மென்று தூரிகையாக்கி, வெள்ளைப் பானையில் கறுப்புக் கோடு வரைந்தவர்கள். அரிசோனாவில் ஹோப்பி-டேவா இனத்துக் குயவர் நம்பேயோ என்றொரு அம்மாள். 1895-ல் சிக்யாட்கி என்ற பாழடைந்த ஊரை ஃபியூக்ஸ் என்ற ஆய்வாளர் தோண்டினார். நம்பேயோவின் கணவர் அங்கே வேலை பார்த்தார். மண்ணிலிருந்து வந்த பழைய ஓடுகளின் கோலத்தைப் பார்த்து அந்த அம்மாள் தன் பானைகளில் புதிதாக வரைந்தார், அவை விலைக்குப் போயின. வயதான காலத்தில் பார்வை மங்கியபோது கையால் தடவியே பானை வனைந்தாராம், வீட்டார் வண்ணம் தீட்டினார்கள். 1942-ல் அவர் இறந்த பிறகும் அந்தக் குடும்பம் தொழிலை விடவில்லை.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று அர்த்தமில்லை. மிம்ப்ரெஸ் என்ற வகைக் கிண்ணங்களுக்காக இடுகாடுகளை புல்டோசர் வைத்தே கொள்ளையடித்தார்கள். ஆனால் ஒரு விஷயம் நடந்தது. ஓடு குயவர் கைக்குத் திரும்பி வந்தது.

இங்கே? வேளார் வீட்டுக்காரர் பொங்கலுக்குப் பானை செய்கிறார், அய்யனாருக்குக் குதிரை செய்கிறார். டி.கல்லுப்பட்டி ஓட்டின் படத்தை அவரிடம் யாராவது காட்டியதுண்டா? ஓடு பெட்டியில், அறிக்கை நூலகத்தில், வேளார் சந்தையில். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு வந்தது, சந்தோஷம். கீழடியில் அதே ஆண்டு அருங்காட்சியகமும் திறந்தார்கள். போகிறவர்கள் எழுத்துள்ள ஓட்டின் முன்னால் நின்று செல்போனில் படம் எடுக்கிறார்கள்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. வண்ணக் கோடுள்ள ஓடுகளை ஊர்வாரியாகப் படம் எடுத்து, கோட்டைத் தனியாக வரைந்து, மலிவு விலையில் ஒரு புத்தகம் போடலாம். முதல் பிரதிகளை அமைச்சர்களுக்குப் பொன்னாடையோடு கொடுப்பதற்குப் பதில், ராஜபாளையம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இன்னும் சக்கரம் சுற்றுகிற வீடுகளில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அடுத்த தைக்குள் கொடுத்தால் பொங்கல் பானைக்கு ஆகும்.